கோர்படி கேட் திறக்கவில்லை

உங்கள் மேஜைத் தொலைபேசியில் லேசான இரைச்சல் இருக்கிறது, மேடம். சற்று முன் பேசும்போது ரிசீவரை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டீர்கள். கருவியில் பழுது இல்லை. இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் கம்பியில் எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் இணைப்பு செத்துவிடும். வேறு கம்பிக்கு மாற்றச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள். வேறு சமயமாக இருந்தால் நானே மாற்றிக் கொடுத்திருப்பேன்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லது. பூனாவில், கட்கியில் பிறந்த நம்மைப் போன்றவர்களுக்கு மராத்தியில் பேரம் பேச வரும், இந்தியில் சண்டை போட வரும். யோசித்துச் சொல்ல வேண்டியது வீட்டு மொழியில்தான் வருகிறது. நடுவில் நான் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். என் பேச்சு அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாய் திறக்க மாட்டேன். என் மனைவி மேரி, வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மற்றவர்களுக்கு மௌனம் சங்கடம். எனக்கு அதில் உட்கார்ந்திருக்கத் தெரியும்.

சுந்தரமூர்த்தியும் நானும் எதிரிகள் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அது முழுக்கச் சரியல்ல. அவன் அப்பாவும் என் அப்பாவும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே அரசுத் தொலைபேசியின் ஒப்பந்த வேலைக்குப் போனோம். ஒரு இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊர், திடீரென்று வீட்டுக்கு வீடு போன் கேட்ட காலம் அது. நாங்கள் சேர்ந்து இறங்காத குழி பூனாவில் இல்லை.

குழி என்றால் மேன்ஹோல். சாலைக்கு அடியில், கேபிள்களை இணைக்கும் இடத்தில், ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு அறை கட்டியிருப்பார்கள். மேலே இரும்பு மூடி. உள்ளே ஒருவன் இருந்தால் மேலே ஒருவன் நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் மேலே நிற்பவன் சாமான் வாங்கப் போவான், டீ குடிக்கப் போவான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவன் தன் செருப்பைக் குழி வாயோரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவான். செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். தண்ணீர் லாரிக்காரனுக்கும் குப்பை வண்டிக்காரனுக்கும் சாலை போடுகிறவனுக்கும் இது தெரியும். செருப்பைத் தாண்டி யாரும் மூடியைத் தொட மாட்டார்கள். பின்னால் எங்களுக்குள் எவ்வளவோ நடந்தது. ஆனாலும் எங்கள் ஆள் எவனும் அவர்கள் செருப்பைத் தொட்டதில்லை, அவர்களும் எங்களுடையதைத் தொட்டதில்லை.

பிரச்சினை பிராட்பேண்டில்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் இரண்டு செப்புக் கம்பி போகிறது. அதை ஜோடி என்போம். கம்பி அரசாங்கத்துடையது. அந்தக் கம்பியிலேயே பிராட்பேண்ட் விட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு தனியார் கம்பெனிகளுக்கு வானவடிப் பகுதியில் அனுமதி கொடுத்தார்கள். சோதனைக்காக. விளம்பரமும் மோடமும் கம்பெனியின் பொறுப்பு. கம்பியைத் தேடிப் பிடித்து இணைப்பது எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர் பொறுப்பு. ஒரு கம்பெனிக்கு நான். இன்னொன்றுக்கு மூர்த்தி. அவன் கம்பெனியின் அலுவலகம் ஊரின் மறுமுனையில், கராடியில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே போய்வந்த நாளிலிருந்து அவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டான்.

வானவடிக்குக் கேபிள் போட்டபோது அங்கே ராணுவ நிலமும் சில கட்டடங்களும்தான். பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன. கேபிள் அதே கேபிள். அதிலும் பாதி ஜோடிகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. பேச்சுக்கு அவை போதும், இணையத்துக்குப் போதாது. நல்ல ஜோடி கொஞ்சம்தான். சாலையோரம் பச்சை இரும்புப் பெட்டிகள் நிற்குமே, அதற்குப் பெயர் பில்லர். அந்தப் பெட்டிக்குள் நல்ல ஜோடியை எவன் முதலில் பிடிக்கிறானோ அவனுக்கு அந்த வீடு. மழைக்கு முன், மே மாதக் கடைசிக்குள் எந்தக் கம்பெனிக்கு அதிக வீடுகளோ, வானவடியின் கம்பி முழுவதும் அதற்கே என்று மேலே முடிவு செய்தார்கள். மற்றவன் பெட்டியைத் தொடவே முடியாது. அந்த முடிவை எடுத்தவர்கள் நல்ல மனிதர்கள். போட்டி இருந்தால் சேவை நன்றாக இருக்கும் என்று நினைத்தார்கள். சேவை நன்றாகத்தான் இருந்தது.

முதலில் அவர்கள் எங்கள் ஜோடிகளைப் பிடுங்கித் தங்களுடையதை மாட்டினார்கள். நாங்கள் திரும்ப மாட்டினோம். பிறகு ஒரு பெட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. அது நான் ஊற்றியது. பிறகு அப்துல் காதர் பெட்டிக்குள் தலையும் தோளும் நுழைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ கடப்பாரையால் அவர் முழங்காலில் அடித்தார்கள். அவர் என்னிடம் வேலை செய்தவர்களில் நிதானமானவர். அடி விழுந்தபோதுகூட, பிரித்து வைத்திருந்த ஜோடிகள் கலைந்துவிடக் கூடாதென்று கையை மெதுவாகத்தான் வெளியே எடுத்தாராம். இப்போது அந்தக் கால் மடங்காது.

மூர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். வராந்தாவில் என்னைப் பார்த்து, "நான் சொல்லலடா. நம்ம பசங்க ஜாஸ்தி பண்ணிட்டானுங்க," என்றான்.

"உன் பசங்களா, நம்ம பசங்களா?" என்றேன்.

"அரே, விடுடா சீலா. ஒனக்கு எப்பப் பாரு கணக்குதான்."

சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் சீலாதான். அவன் சொன்னதை நான் நம்பினேன். நம்பியது ஒரு பக்கம். ஆனால் அவன் ஆட்கள் மாதக் கடைசிக்குள் இன்னும் எத்தனை பெட்டிகளைத் திறப்பார்கள் என்பதும் இருந்தது. அதனால் அந்த வாரம் ரமேஷ் என்று கேபிள் இணைக்கும் அவர்கள் ஜாயின்டரை நான் பிடித்தேன். அவன் கையைப் பெட்டியின் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கனமான கதவு. முதல் தடவை சரியாகச் சாத்திக்கொள்ளாததால் இரண்டாம் தடவையும் சாத்த வேண்டியிருந்தது. ரமேஷ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவனைப் பைக்கில் உட்கார வைத்து நானே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். வழியில் என் முதுகில் சாய்ந்துகொண்டான். பாவம், அவனுக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.

இதற்குப் பிறகும் மூர்த்தி நிறுத்தவில்லை. பெரிய குடியிருப்பு ஒன்று, ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கும் இடம், மொத்தமாக அவன் பக்கம் போனது. அந்த ஒன்றே போதும், மாதக் கடைசியில் அவன் ஜெயித்துவிடுவான். அப்துல் காதர் உட்பட என்னிடம் பதினோரு பேர். அவர்களைப் பற்றி யாரும் யோசிக்கப் போவதில்லை. யாராவது யோசித்தாக வேண்டும்.

அந்தக் குடியிருப்புக்குப் போகும் கேபிள் ஒரே ஒரு மேன்ஹோல் வழியாகப் போகிறது. அன்று காலை நான் அதில் இறங்கிக் கேபிளை அறுத்தேன். அதே தெருவில் அன்று தார் போடப் போவதாக மாநகராட்சி மூன்று நாள் முன்பே கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கிறீர்கள். அது தற்செயல். மே மாதத்தில் பூனாவில் எந்தத் தெருவில்தான் தார் போடவில்லை? நோட்டீஸை நான் படித்தது உண்மை. எதைக் கண்டாலும் படிக்கிற பழக்கம் எனக்கு.

அறுந்ததை இணைக்க மூர்த்தி வந்தான். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவனோடு பாபுராவ் என்ற வயதான ஆள். இருவரும் மூடியைத் திறந்து, கெட்ட காற்று வெளியேறட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார்கள். பக்கத்துச் சாக்கடைக் கசிவு அந்தக் குழிக்குள் எப்போதும் உண்டு. பிறகு மூர்த்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். கேபிள் இணைக்கும் ஸ்லீவ் போதவில்லை போலிருக்கிறது. பாபுராவ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

சாலை போடுகிறவர்கள் தெருமுனையிலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் மூர்த்தியின் செருப்பை எடுத்து என் சாமான் பையில் போட்டுக்கொண்டேன். பழுப்பு நிறம், இடது செருப்பின் வார் தைத்திருந்தது. உள்ளே, ஸ்லீவைச் சூடாக்கும் புளோ லேம்ப் எரியும் சத்தம் கேட்டது. அது இரையும்போது பக்கத்தில் கூப்பிட்டாலும் கேட்காது.

மேஸ்திரி வந்து திறந்திருந்த குழியைப் பார்த்தான். செருப்பைத் தேடினான். நான் தொலைபேசிக்காரன் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று இந்தியில் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, அது அவன் பொறுப்பு. இரண்டு ஆட்களைக் கூப்பிட்டான். மூடியை இழுத்துப் போட்டார்கள். தார்க் கலவையைக் கொட்டினார்கள். ரோலர் வந்தது. அப்போது அடியிலிருந்து ஏதோ கேட்டது. எதுவாகவும் இருக்கலாம். ரோலர் ஏறி இறங்கினால் பழைய சாலை முனகும்.

இந்த ஊரில் எத்தனையோ மூடிகள் இப்படித் தாருக்கடியில் போயிருக்கின்றன. எங்கெங்கே இருந்தன என்று எங்களில் ஓரிருவருக்குத்தான் ஞாபகம். அதனால்தான் மூர்த்தி என்னைக் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன்.

நான் டீக்கடைக்குத் திரும்பியிருந்தேன். கைபேசி அடித்தது. வானவடி எண் ஒன்று. எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கேபிள் அறுந்திருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து முனைகளில் உயிர் இருக்கும். அதில் ஒரு ஜோடியில், நாங்கள் கையோடு கொண்டுபோகும் டெஸ்ட் போனை மாட்டி அடித்திருக்கிறான். அந்த ஜோடிக்குச் சொந்தக்காரர் ஒரு ஓய்வுபெற்ற கர்னல். தன் போன் செத்துக் கிடந்த நாளில் யாரிடமோ நீளமாகப் பேசியதாக பில் வந்திருக்கிறது என்று அவர் புகார் கொடுத்ததால்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். மூர்த்தியிடம் அவன் கைபேசியும் இருந்தது. உள்ளே சிக்னல் இல்லையே தவிர, எல்லார் எண்ணும் அதில் இருந்தது. அவன் தேர்ந்தெடுத்தது என்னை.

"டேய் சீலா, எங்கடா கீற?"

"கராடில. ஏன்டா?"

"என்னப் பொதைச்சிட்டானுங்கடா." சிரித்தான். மூச்சு வாங்கியது. "தார் போட்டு மூடிட்டானுங்க. நம்ம கர்னல் சொசைட்டி எதிர்ல, அந்தப் பெரிய மேன்ஹோல். செருப்பு வெச்சிட்டுத்தான்டா எறங்கினேன். எந்த நாய் எடுத்துச்சோ தெர்ல."

"லேம்ப்பை அணைச்சியா?"

"அணைச்சிட்டேன். இருட்டா கீது. ஒரே நாத்தம், சூடு வேற. ஜல்தி வா. ஒனக்குத்தான் மூடி எங்கன்னு கரெக்டா தெரியும். ஆபீஸ்காரனுங்களக் கூப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் மீட்டிங் போடுவானுங்க."

"வரேன். நீ கத்தாத, தட்டாத. மூச்சு வீணாப் போவும். லைனை விடாத, மறுபடி கெடைக்காது."

இது நல்ல யோசனைதான், மேடம். யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"நகர் ரோட்ல வராத," என்றான். "ஏரவாடா சுத்திட்டு வந்தா லேட்டாயிடும். முண்ட்வா பக்கமா வா."

"சரி."

"அந்த ஒன் பழைய வண்டியா? அத வெச்சிட்டு ஒரு ஆட்டோ புடிச்சிடேன்டா."

நான் டீ கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்புகிறேன் என்றேன். சற்றுப் பொறுத்து, முண்ட்வா பாலம் தாண்டியாச்சு என்றேன். அவன் சரி என்றான். பிறகு இருவரும் பேசவில்லை. போனில் பேசாமல் இருக்கும்போது மனிதர்களை நன்றாகக் கேட்க முடிகிறது. அவன் மூச்சு முன்பு மாதிரி ஒரே சீராக இல்லை. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது.

"பாபுராவுக்கு ஒரு போன் போட்டுடட்டா?" என்றான். "பக்கத்துலதான் வந்துனு இருப்பார்."

"அவருக்கு எடம் தெரியாது. தார்ல எங்கன்னு தோண்டுவார்? நான் வந்துட்டேன். லைனை வெக்காத."

"குமாரிக்குச் சொல்லிடாதடா. பயந்துக்குவா." சாந்தகுமாரி அவன் மனைவி. உங்களிடம் புகார் கொடுக்க வந்தவள்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். சொல்லவும் இல்லை.

அப்போதுதான் பாபுராவ் ஸ்கூட்டரில் வந்தார். தாரைப் பார்த்துவிட்டு விழித்தார். என்னைக் கண்டு தெருவைத் தாண்டி வந்தார். நான் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். மூர்த்தி சேட் எங்கே என்று கேட்டார்.

"கராடி கயா," என்றேன். கம்பெனியில் கூப்பிட்டார்கள், கராடிக்குப் போய்விட்டான், மிச்ச வேலை நாளைக்கு, உங்களை வீட்டுக்குப் போகச் சொன்னான் என்றேன். அவர் மூடி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே செருப்பு இல்லை. இருந்திருந்தால் அவர் என்னை நம்பியிருக்க மாட்டார். தலையாட்டிவிட்டு, ஸ்லீவை என் மேஜையில் வைத்து, நாளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேர்மையான ஆள். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

போனைக் காதில் வைத்தேன். "யார்டா?" என்றான்.

"வண்டிக்காரன். வழி கேட்டான். கோர்படி ரயில்வே கேட்ல நிக்கிறேன். கேட் பந்த்."

"ஐயோ, இப்பவா. எந்த வண்டி?"

"குட்ஸ்."

"நீளமா?"

"நீளமாத்தான் கீது."

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். ரயிலைத்தான் சொன்னான், என்னையல்ல. அந்தச் சமயம் ரோலர் திரும்பி வந்தது. கடைசிச் சுற்று. டீக்கடை முன்னால் கடந்து, மூடி இருந்த இடத்தின் மேல் ஏறி, போனது. கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கையால் பிடித்துக்கொண்டார்.

ரோலர் போன பிறகு மூர்த்தி கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. எனக்கே நீளமாகத் தெரிந்தது.

"சீலா."

"சொல்லு."

"அங்கயும் ரோலர் சத்தம் கேக்குது."

"ஊரெல்லாம் ரோடு போடறாங்கடா. மழை வரப்போவுது இல்ல."

மூச்சு கேட்டது. தண்ணீர் சொட்டியது. அதற்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. உங்கள் கையில் இருப்பது அழைப்பின் நீளம் மட்டும்தான். ஆனால் எல்லாவற்றையும் சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

பிறகு அவன் மெதுவாகப் பேசினான். குரலில் கோபம் இல்லை. பேரம் பேசும் குரலும் இல்லை, சின்ன வயதில் என் வீட்டு வாசலில் நின்று விளையாடக் கூப்பிடுவானே, அந்தக் குரல்.

"வானவடி மொத்தமும் நீயே எடுத்துக்கோடா. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். கேபிள் நீதான் அறுத்தேன்னு தெரியும். பரவால்ல. ரமேஷ் கைய ஒடைச்சியே, அதுவும் பரவால்ல. காதர் பாய் காலுக்கு நான்தான் ஆள் அனுப்பினேன். போதுமா? வந்து தொற."

இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன், மேடம். நான் வேண்டியதெல்லாம் அவன் கொடுத்துவிட்டான், பிறகு ஏன் என்று கேட்பீர்கள். குழிக்குள் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் கொடுப்பான். மேலே வந்து முகம் கழுவியதும் அது வேறு மாதிரி ஆகும். அதோடு, அந்த நிலைமையில் இருக்கிற ஒருவனிடம் வியாபாரம் பேசுவது நியாயமாக எனக்குப் படவில்லை. அவன் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அதனால் அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லவில்லை.

"கேட் தொறந்துட்டானா?" என்றான், ரொம்ப நேரம் கழித்து. அந்தக் கேட்டை அவன் நம்பினானா, நம்புவதாகக் காட்டினால் நான் எழுந்து வருவேன் என்று நினைத்தானா, தெரியாது.

"இன்னும் இல்ல."

"எத்தனை பெட்டிடா அதுக்கு."

"எண்ணிட்டு இருக்கேன்."

"எண்ணிச் சொல்லு."

நான் எண்ணினேன். மெதுவாக, ஒவ்வொன்றாக, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் சக்கரம் போகும் நேரம் விட்டு. நாற்பதுக்கு மேல் போனபோது அவன் எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு டெஸ்ட் போன் எதிலோ இடித்த சத்தம். அவன் சரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். போன் பக்கத்திலேயே கிடந்தது, மூச்சு தெளிவாகக் கேட்டது. குறட்டை மாதிரி. குறட்டையில் ஒருவனுக்கு வலி தெரியாது என்று படித்திருக்கிறேன்.

டீக்கடையில் ஆட்கள் வந்து போனார்கள். தார் ஆறிக் கறுத்தது. பள்ளிக்கூட ரிக்‌ஷா ஒன்று அதன் மேல் முதல் தடம் பதித்துப் போனது. நான் இரண்டாவது டீ சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்திருந்ததில் காது சூடாகி வலித்தது. மாற்றிக்கொள்ளவும் இல்லை. மாற்றும்போது ஏதாவது விட்டுப்போய்விடும் என்று தோன்றியது.

கடைசியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அதையும் கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு என் கைபேசியின் பாட்டரி தீர்ந்தது. அழைப்பை நான் துண்டிக்கவில்லை.

மாதக் கடைசியில் வானவடி எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. கர்னல் குடியிருப்பில் இப்போது இணையம் நன்றாகப் போகிறது. நீங்கள் வந்து கேட்டதும் மூடி இருக்கும் இடத்தை நான்தான் காட்டினேன். முதல் குத்தே சரியாக விளிம்பில் விழுந்தது. உங்கள் ஆட்கள் பார்த்தார்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாந்தகுமாரி கேட்டால் இன்னொன்றையும் நீங்கள் சொல்ல வேண்டும். தாரைப் பெயர்த்து மூடியைத் தூக்கக் கடப்பாரையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்திருந்தால் போனைக் கீழே வைத்திருப்பேன். அந்த இருட்டில் அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.